டிராக்டர் ஹெட்லைட் மங்கலும் டேப்புக்குள் இருந்த பச்சையும்

மன்னார்குடி பக்கம் குறுவைச் சேற்றுழவு நேரத்தில் எங்கள் டிராக்டர் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்து பல நாள் வீணானது. பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றியும் பலனில்லை. பல்பைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். பல்பு எரியும்போதே வைத்தபோதுதான் 8-க்கு இறங்கியது தெரிந்தது; அப்படியானால் வரும் வழியில் வயரில் எங்கோ தடை.

வயரைத் தடவிக்கொண்டே போனால், எப்போதோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், உள்ளே செம்பு அரித்துப் பச்சை பூத்திருந்தது. அந்தப் பச்சை உறைக்குள்ளேயே ஒரு விரல் நீளம் ஏறியிருந்ததால் ஜாயின்ட்டை மட்டும் வெட்டினால் போதாது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் புது வயர் சேர்த்து கிரிம்ப் செய்து (சின்ன உலோகக் குழலுக்குள் இரண்டு முனையையும் நுழைத்து நசுக்கி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்கினேன் (குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள்). அப்புறம் சேற்றில் எவ்வளவு நனைந்தும் வெளிச்சம் குறையவில்லை, பெரிய நிம்மதி.