தோட்ட வீட்டில் உடல் முடியாதவர் இருந்தால்: வீடு, பராமரிப்பு, உதவித்தொகை பார்ப்பது எப்படி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இன்னமும் தோட்ட வீட்டில், அதாவது தோட்டக் கம்பெனி கொடுத்த வீட்டில், இருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டாலோ, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டாலோ, எந்த ஹோமில் (பராமரிப்பு இல்லத்தில்) சேர்க்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வரும். அதைத் தள்ளி வையுங்கள். தங்க இடம் வேறு, கவனிக்க ஆள் வேறு, இரண்டுக்கும் உதவி வருகிற வழியும் வேறு.

முதலில் ஒரு தாளில் அவருடைய ஒரு நாளை எழுதுங்கள். காலையில் கழிவறைக்குக் கூட்டிப் போவது யார், குளிப்பாட்டுவது யார், ராத்திரி புரட்டிப் படுக்க வைக்க ஆள் உண்டா, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் யார். பகலில் மட்டும்தான் ஆள் இல்லை என்றால் ஹோமே வேண்டாம், பிடிகே என்கிற பகல்நேர மையம் போதும். 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்தச் சமூக மறுவாழ்வுத் திட்டத்துக்கு இன்று நாடு முழுக்க மையங்கள் உண்டு. பயிற்சிக்குப் போகிறவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்சும் உண்டு. தோட்டம்வரை வேன் வருமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல பேர் பாதியில் நிற்பது அதனால்தான்.

ஓகேயு அட்டை, அதாவது உடல் முடியாதவர்களுக்கான அரசாங்கப் பதிவு அட்டை, இல்லாமல் பெரும்பாலும் எதுவும் நகராது. டாக்டர் உறுதிசெய்த பாரத்தோடு சமூக நல இலாகாவில் பதிய வேண்டும், நம் மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில். குறைபாடுகளை மொத்தம் 7 பிரிவுகளாகப் பதிகிறார்கள். கை கால் மட்டுமல்ல, பேச்சும் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உதவித்தொகைகள் 2021இல் உயர்ந்தன: வேலை செய்ய முடியாதவருக்கு மாதம் 300 ரிங்கிட், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 500, குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயுவுக்கு 450. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், இலாகா அதிகாரி வீட்டுக்கும் வந்து விசாரிப்பார். அன்றைக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தேத்தண்ணி கொடுத்து, “ஒரு குறையும் இல்லை சார்” என்று சொல்லுகிற நம் பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். குறையைச் சொல்லத்தான் அவரை வரச் சொன்னீர்கள். செம்பனைக் குலை வெட்டும்போது அடிபட்டு முடியாமல் போனவர் என்றால் சொக்சோவையும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும்) விடாதீர்கள். எப்போதும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மருத்துவ வாரியம் சொன்னால், பென்ஷனோடு அதற்குத் தனியாக மாதம் 500 ரிங்கிட் வரும்.

அப்புறம் வீடு. தோட்ட வீடு கம்பெனி வீடு, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டியதுதான். கைச்செலவில் கழிவறையை இடித்துக் கட்டுவதற்கு முன் மானேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைக்கு ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். நம் வாசலில் இரண்டு படி இறங்கினால் கால்வாய், அதற்குள் 12 அடிக்கு எங்கே போவது? அதனால் வேலையில் இருக்கும்போதே பிபிஆர் என்கிற அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடி வீட்டுக்கு மனு போடுங்கள், ஓகேயு அட்டையைக் காட்டிக் கீழ்த்தளம் கேளுங்கள். சொந்த நிலம் இருந்தால், அதில் வீடு கட்டிக்கொள்ள உதவும் அரசாங்கத் திட்டமான ரூமா மெஸ்ரா ரக்யாட்டுக்கு மனு போடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஹோம்தான் வழி என்றால் சரி. 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிந்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு புண்ணியமான இடம் என்று யார் சொன்னாலும். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், இருட்டின பிறகு ஒரு தடவை. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், தமிழ் பேசுகிறவர் யாராவது உண்டா, மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு என்ன சமைக்கிறார்கள், பேம்பர்ஸ் காசு கட்டணத்தில் சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள். அரசாங்கத்தின் தாமான் சினார் ஹரப்பான் இல்லங்கள் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு. சிரம்பானில் ஒன்று உண்டு, ஆனால் இங்கிருந்து மாதம் ஒரு முறை போய்ப் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள்.

ஐசி (அடையாள அட்டை), ஓகேயு அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் யார் கையில் இருக்கும் என்பதைச் சேர்க்கிற அன்றே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அசல் உங்களிடம், அவர்களுக்கு நகல். உள்ளே அடி, பட்டினி என்று தெரியவந்தால் தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்: 15999, எந்த நேரமும் எடுப்பார்கள்.