குறைத்துச் சொன்ன யூனிட், கூடி நிற்கும் கரண்ட் கடன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஆகஸ்ட் வரை இலங்கையில் மாதம் 30 யூனிட் பாவிக்கிற வீட்டுக்கு கரண்ட் பில் 105 ரூபாய்தான் வந்தது. யூனிட்டுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய். அந்த ஆகஸ்டில் அதே 30 யூனிட் 360 ரூபாயாகி, 2023 பெப்ரவரியில் 1300 ரூபாயானது. அப்போது தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, சம்பளம் 1000 ரூபாய். பிறகு கட்டணம் சில தடவை இறங்கியது. ஆனால் அந்த இடைவெளியில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மீட்டர் பார்க்கிறவர் மேட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஏறி வராத மாதங்களில் எண்ணைக் கேட்டால், உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லிவிடுவது. இந்த மாதம் சமாளித்தால் போதும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். அப்படிச் செய்தவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வரும்போது பலர் செய்கிற தவறுகள், முதல் தவறைவிடப் பெரிய நட்டத்தைக் கொடுக்கின்றன.

குறைத்துச் சொன்ன யூனிட் கரைந்துபோகும் என்று நம்புவது

மீட்டர் நாம் சொன்ன எண்ணைக் கேட்பதில்லை, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லாமல் விட்ட யூனிட் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. என்றைக்கு ஒருவர் நேரில் வந்து வாசிக்கிறாரோ, அன்றைக்கு மொத்தமும் ஒரே பில்லில் வந்து நிற்கும்.

நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம் என்பதால் சிக்கல் இன்னும் பெரிது. 30 வரை ஒரு படி, 60 வரை ஒரு படி. 60ஐத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கே விலை வேறு. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள் போகின்றன, நிலையான கட்டணமும் கூடவே ஏறுகிறது. ஒரு வீடு மாதம் 55 யூனிட் பாவிக்கிறது, ஆனால் 35 என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 120 யூனிட் மறைந்து நிற்கும். ஏழாவது மாதம் மீட்டர் வாசிக்கப்பட்டால், அந்த மாதத்து 55ம் சேர்ந்து 175 யூனிட்டுக்கு பில் வரும். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வீடு ஒரு மாதம்கூட 60ஐத் தாண்டியிருக்காது. இப்போது 121 முதல் 180 வரையான படியில் நிற்கிறது. மறைத்த யூனிட்டுக்கு விலை கொடுப்பதோடு முடியாது, வழக்கமான 55 யூனிட்டுக்கும் கூடிய விலை கொடுக்க வேண்டியதாகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பில்லில் இந்தப் படிகள் நாட்களை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. மீட்டர் வாசிப்பு 45 நாள் கழித்து நடந்தால் 60 யூனிட் எல்லை 90 ஆக விரியும். ஆகவே யாரும் வாசிக்க வராமல் தாமதமாவதால் மட்டும் நாம் மேல் படிக்குப் போவதில்லை. பொய் எண் சொன்ன வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. போன மாதம்வரை எல்லாம் வாசித்தாயிற்று என்று பதிவு சொல்வதால், ஆறு மாதத்து யூனிட் எல்லாம் கடைசி 30 நாளில் எரித்ததாகவே கணக்காகும். எண் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது. ஊகத்தில் ஒரு எண்ணைச் சொல்லவே வேண்டாம்.

அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாசலில் ஆள் வரும்போது பிள்ளையை அனுப்பி "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லவைப்பது, மீட்டர் பெட்டிக்கு முன்னால் விறகை அடுக்கிவைப்பது என்று நாளைக் கடத்தக் கடத்த யூனிட் ஏறிக்கொண்டே போகும். பிள்ளையைப் பொய் சொல்லவைக்கிற அளவுக்கு ஒரு கரண்ட் பில்லுக்கு நாம் பயப்படத் தேவையில்லை.

முதலில் நீங்களே மீட்டரைப் படியுங்கள். பழைய மீட்டரில் கடைசியில் சிவப்பாக இருக்கிற இலக்கம் தசமம், அதைச் சேர்க்க வேண்டாம். திகதி தெரிகிற மாதிரி ஃபோனில் ஒரு படம் எடுங்கள். கடைசி பில்லில் இருக்கிற எண்ணை அதிலிருந்து கழியுங்கள். கடைசி பில்லுக்குப் பிறகு சாதாரணமாகப் பாவித்திருக்கக்கூடியதை விட்டு மிச்சம் வருவதுதான் மறைந்து நிற்கிற யூனிட். எந்த மாதத்திலிருந்து குறைத்துச் சொன்னீர்கள் என்று பழைய பில்களை வைத்துப் பாருங்கள். நினைவில்லையென்றால், மாத யூனிட் திடீரென்று விழுந்த இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தொடக்கம் அதுதான்.

அப்புறம் உங்கள் பகுதி மின்சார சபை நுகர்வோர் சேவை நிலையத்துக்குப் படத்தோடும் பில்களோடும் நேரில் போங்கள், கையில் ஒரு கடிதமும் இருக்கட்டும். கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: இன்றைய உண்மையான எண், எந்த மாதத்திலிருந்து எண் குறைவாகப் பதிவானது என்பது, அப்புறம் உங்கள் கோரிக்கை. கோரிக்கையில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். விடுபட்ட யூனிட்டை அந்தந்த மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிடுங்கள் என்பது ஒன்று, வருகிற தொகையைத் தவணையில் கட்ட அனுமதியுங்கள் என்பது மற்றது. பலர் தவணையை மட்டும் கேட்டுவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் பெரிய பணம் இருப்பது அந்த முதல் கோரிக்கையில்தான். கட்டாயம் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பழைய பில்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவரின் பேச்சுக்கு எடை உண்டு.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதி தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு நமக்குத் தந்திருக்கிற உரிமை. கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமான பதில் வரவில்லையென்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அப்போது அந்த முத்திரை பெரிதும் உதவும்.

தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது

தொழிற்சங்கத் தலைவரோ கிளாக்கர் ஐயாவோ துணைக்கு வந்தால் நல்லதுதான், சிங்களத்தில் பேச வேண்டியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்தால், எண் என்ன, எந்த மாதம் என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. "ஆளைப் பிடித்து மீட்டரையே சரிபண்ணிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எண்ணைக் குறைத்துச் சொன்னதைக் கடிதத்தாலும் பணத்தாலும் தீர்க்கலாம். மீட்டரின் சீலை உடைத்தாலோ மீட்டரில் கைவைத்தாலோ அது குற்றம், நீதிமன்றம்வரை போகும். ஏற்கெனவே அப்படி நடந்திருந்தால், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேளுங்கள்.

லக்சபானையிலும் மேல் கொத்மலையிலும் நம் ஆற்றுத் தண்ணீரில்தான் கரண்ட் எடுக்கிறார்கள், நாம் ஏன் கட்ட வேண்டும் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. மலையகத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதைக் கட்டண விசாரணைகளில் சொல்ல வேண்டும், சங்கத்தின் மூலம் கேட்க வேண்டும். பில் கவுண்டரில் அந்த நியாயத்தால் ஒரு யூனிட்கூடக் குறையாது.

பக்கத்து அறைக் கணக்கைப் பேசாமல் விடுவது

ஒரே மீட்டரிலிருந்து அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் வயர் இழுத்திருக்கிற லயங்கள் உண்டு. இங்கே குறைத்துச் சொல்வது சபைக்கு அல்ல, சொந்தக்காரருக்கு. "எங்களுக்கு ரெண்டு பல்பும் ஒரு டீவியும்தானே அண்ணே" என்று தம்பி சொல்வார். ரைஸ் குக்கரும் தண்ணீர் சூடாக்கும் கம்பியும் அந்தப் பேச்சில் வராது. 1500 வாட் கம்பியை நாளைக்கு இருபது நிமிடம் போட்டாலே மாதம் 15 யூனிட் ஆகிவிடும். கடைசியில் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் கடன் ஏறும், கரண்ட் வெட்டப்போவதாகச் சொல்கிற சிவப்பு நோட்டீசும் அவருக்குத்தான் வரும். இரண்டு வீடும் சேரும்போது மீட்டர் மேல் படிக்குப் போய்விடுவதால், தம்பி தன் யூனிட்டைக் கீழ்ப் படி விலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தாலும் அண்ணனுக்கு நட்டம்தான். மொத்த பில்லை, நிலையான கட்டணத்தோடு சேர்த்து, யூனிட் விகிதப்படி பிரிப்பதுதான் சரி. சப் மீட்டர் இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாக நின்று படித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சபையின் அனுமதியில்லாமல் இப்படி வயர் இழுப்பதே விதிக்கு மாறானது, மின்னொழுக்கால் லயங்கள் எரிவதையும் நாம் பார்க்கிறோம். தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். லயத்து அறைக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் தேவைப்படும், அதற்கு அலைய வேண்டித்தான் இருக்கும்.

தாங்காத தவணைக்கு ஒப்புக்கொள்வது

அலுவலகத்தில் கேட்கும்போது கூச்சத்தில் பெரிய தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். தவணையோடு அந்தந்த மாதத்து பில்லையும் கட்ட வேண்டும். மழையால் பேர் குறைகிற மாதத்திலும் கட்டக்கூடிய தொகையைச் சொல்லுங்கள். இரண்டாவது தவணையிலேயே தவறினால் மறுபடி போய்க் கேட்பது கஷ்டம், கரண்ட் வெட்டினால் மீள் இணைப்புக் கட்டணமும் சேரும். கிழமைக்குக் கிழமை வசூலுக்கு வருகிற லோனை எடுத்து இதைக் கட்டவே வேண்டாம். தீபாவளி முற்பணத்தை எடுத்துக் கட்டலாம் என்று நினைப்பவர்கள், அது அடுத்த மாதங்களின் சம்பளத்தில் வெட்டப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பல வீடுகளில் பில் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில்தான் வருகிறது. தவணைக்குப் போகும்போது மரண சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், பெயர் மாற்றத்தையும் அன்றைக்கே கேளுங்கள்.