செய்தியைப் படிக்கும்போது நாம் தடுக்கி விழும் இடங்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை 6 மணிக்கே டிவி ஓட ஆரம்பித்துவிடும். கீழே சிவப்புப் பட்டையில் ‘சென்னைக்கு ரெட் அலர்ட்’. மேலே தென்னை மரங்கள் தலைவிரித்து ஆடும். பின்னணியில் தடதடவென்று ஓர் இசை. “இன்னைக்கு வெளியே எங்கேயும் போகாதப்பா” என்பார் அம்மா. சாயங்காலம் வரை நாலு தூறல்தான் விழும். “இவங்க சொல்றது எது நடந்திருக்கு?” என்பதும் அதே அம்மாதான். காலையில் அப்படியே நம்பியதற்கும் மாலையில் அப்படியே தள்ளியதற்கும் காரணம் ஒன்றுதான்: அந்தச் செய்தியை அதன் மொழியில் நாங்கள் படிக்கவில்லை.

செய்திக்கென்று தனியாக ஒரு மொழி இருக்கிறது. சொற்கள் மட்டுமல்ல, நிறம், இசை, கேமரா நிற்கும் இடம், தலைப்பின் எழுத்தளவு எல்லாமே அதில் குறியீடுகள். இந்தக் குறி வந்தால் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாளடைவில் படிந்துபோன பழக்கம் மரபு. இவற்றைக் கவனிக்காமல் ‘இது உண்மையா, பொய்யா’ என்று மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. உண்மையான செய்தியே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடலாம்.

மழைச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ‘கனமழை’ என்றால் பலத்த மழை, ‘அதி கனமழை’ என்றால் பேய்மழை என்று பேச்சு வழக்கில் எடுத்துக்கொள்கிறோம். வானிலை மையத்துக்கு இவை அளந்து வைத்த சொற்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. இடத்தைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ முக்கால் பங்கு வரை, ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். ஆக, ‘சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற அறிவிப்பு பலித்த நாளில்கூட உங்கள் தெரு காய்ந்து கிடக்கலாம். அந்த அறிவிப்பு டிவிக்கு வரும்போது முதலில் காணாமல் போவது ‘ஓரிரு இடங்களில்’ என்ற இரண்டு சொற்கள்தான். பட்டையில் இடம் இல்லை, பயமும் குறைந்துவிடும்.

நிறத்திலும் இதே குழப்பம். வானிலை மையத்தின் வண்ணங்களில் பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள். நிர்வாகமும் மக்களும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. ஆனால் அதே சிவப்பில்தான் டிவியின் பிரேக்கிங் நியூஸ் பட்டையும் ஓடுகிறது. நடிகர் கல்யாணத்துக்கும் அதே சிவப்பு, புயலுக்கும் அதே சிவப்பு. நாள் முழுக்க அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உண்மையிலேயே அவசரமான சிவப்பு எது என்று எப்படித் தெரியும்?

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மறுநாள் எதிர்பார்த்த அளவு மழை இல்லை. அவர்களைக் கேலி செய்து எத்தனை மீம்கள் வந்தன! என்னைக் கேட்டால், அந்தக் குறியீட்டைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான். நடவடிக்கை எடுங்கள் என்று சொன்னது, எடுத்தார்கள். 2015-லும் 2023-லும் வெள்ளத்தைப் பார்த்த பகுதி அது.

அடுத்து, படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. தலைவிரித்து ஆடிய அந்தத் தென்னைகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கோப்புக் காட்சி’ என்று போட்டிருப்பார்கள், சில நேரம் அதுவும் இருக்காது. போன வருடம் வேறு ஊரில் எடுத்த காற்று, இன்றைக்கு உங்கள் ஊர் மழையாக ஓடுகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் ஹெலிகாப்டரிலிருந்து பார்வையிட்டபோது, மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெள்ளக் காட்சி இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. விமர்சனம் வந்ததும் படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள். பிரதமர் வந்ததும் உண்மை, வெள்ளமும் உண்மை. ஒட்டு வேலை என்று பலருக்கு உடனே தோன்றாததற்குக் காரணம், ஜன்னல் வழியாகத் துயரத்தைப் பார்க்கும் தலைவர் என்ற அந்தச் சட்டகம் நமக்கு அவ்வளவு பழகியது.

இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்தாலே புதிதாக ஓர் அர்த்தம் பிறந்துவிடும். ரஷ்யாவின் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருடங்களுக்கு முன்பே இதைச் செய்துகாட்டினார். உணர்ச்சி காட்டாத ஒரே முகம்தான். சூப் கிண்ணத்துக்குப் பிறகு காட்டினால் பசி தெரிந்தது, சவப்பெட்டிக்குப் பிறகு காட்டினால் சோகம் தெரிந்தது. அமைச்சர் எங்கோ சிரித்த காட்சியை வெள்ளக் காட்சிக்குப் பின்னால் ஒட்டினால் என்ன தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் கவலை தருவது வினைச்சொல். தமிழில் வினையின் கடைசி எழுத்திலேயே மரியாதையும் அவமரியாதையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘கைது செய்யப்பட்டார்’ என்பதற்கும் ‘கைது செய்யப்பட்டான்’ என்பதற்கும் இடையே ஒரு தீர்ப்பே இருக்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே ‘ன்’ வந்துவிட்டால், படிப்பவர் மனதில் தண்டனை முடிந்தது. கூலித் தொழிலாளி திருடினால் ‘ன்’, தொழிலதிபர் மோசடி செய்தால் ‘ர்’ என்று ஒரே பக்கத்தில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பும் இந்த வகைதான். போலீசாரிடம் ஒருவர் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் தடை 25-வது பிரிவு, விலக்கு 27-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இரண்டும் 23-வது பிரிவில். நீதிமன்றம் ஏற்காததை நாம் டீக்கடையில் நின்றபடி ஏற்றுக்கொள்கிறோம்.

அப்புறம், செய்தவர் யாரென்றே இல்லாத வாக்கியங்கள். ‘தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது.’ கூடவே மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு படம். இதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஒரு குறியீட்டை முழுக்கப் புரிந்துகொண்டும் அதற்குப் பழகிப்போவதுதான் இங்கே நடக்கும் தவறு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்துபோனார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றுதான் முதல் தகவல் அறிக்கை சொன்னது. பின்னர் அந்த வழக்கில் காவலர்கள் மீது சிபிஐ கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ‘விழுந்தார்’, ‘உருண்டார்’, ‘காயம் ஏற்பட்டது’ என்று படிக்கும்போதெல்லாம் ‘யாரால்?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

சின்னத் தவறுகளும் உண்டு. கேள்விக்குறி போட்ட தலைப்பைத் தகவல் என்று நினைப்பது. செய்தி போலவே அச்சிட்டு ஓரத்தில் ‘விளம்பரம்’ என்று சின்னதாகப் போட்ட முழுப் பக்கத்தைச் செய்தி என்று நம்புவது. தலையங்கத்தைப் படித்துவிட்டு ‘பேப்பர்லயே போட்டிருக்கான்’ என்பது. செய்தியும் கருத்தும் விளம்பரமும் ஒரே தாளில் வந்தாலும் ஒரே வாக்குறுதியைத் தருவதில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது: எல்லாமே சதி என்ற முடிவுக்கு வருவது. பாதி விஷயங்களுக்குச் சதி தேவையே இல்லை. ராத்திரி பதிப்பு முடியும் நேரத்தில் போலீசாரின் செய்திக்குறிப்பு வருகிறது, மாவட்ட நிருபர் அதை அப்படியே அனுப்புகிறார். தலைப்பு இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக உதவி ஆசிரியர் ‘போலீசார் தெரிவித்தனர்’ என்பதை வெட்டுகிறார். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் போலீஸ் சொன்னது பத்திரிகை சொன்னதாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் வசை பாடுவதற்குப் பதிலாக ‘இதைச் சொன்னது யார்?’ என்று ஆசிரியருக்கு ஒரு கடிதமாவது எழுதலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டு 5 நிமிடம் செய்தி பார்க்கச் சொல்லுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் 5 நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரே கைதுச் செய்தியை இரண்டு பேப்பரில் எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். எந்த வரியில் ‘ர்’, எந்த வரியில் ‘ன்’ என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.