குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானதா? சேலத்து வீட்டில் நீங்களே சோதிக்கும் முறை

டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் நனைத்துவிட்டு, எண் குறைவாக இருக்கிறது, நல்ல தண்ணீர்தான் என்று முடிவு கட்டுவதை முதலில் விட்டுவிடுங்கள். அது கரைந்திருக்கும் உப்புகளை மட்டுமே கணிக்கும். சாக்கடை கசிந்த காவிரித் தண்ணீருக்கும் குறைந்த எண்ணையே காட்டும். கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

படி 1: எந்தத் தண்ணீர்?
மாநகராட்சி விடும் மேட்டூர்த் தண்ணீரும் போர் தண்ணீரும் பல வீடுகளில் ஒரே தொட்டியில் கலக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள். போர் தண்ணீருக்குக் கடினத்தன்மையும் ஃபுளோரைடும் முக்கியம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது.

படி 2: குளோரின்
எனக்கு நெடுநாள் பிடிபடாத படி இதுதான். தண்ணீர் விட்டதும் வரும் கலங்கலை ஓடவிட்டு, தெருக்குழாயிலிருந்து நேராகச் சோதனைக் குழலில் பிடித்து, அங்கேயே சோதியுங்கள். பாட்டிலில் பிடித்து வைத்துச் சாயங்காலம் பார்த்தால் குளோரின் பறந்திருக்கும்.

கடையில் மலிவாகக் கிடைப்பது மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து. சொட்டு விட்ட சில நொடிகளுக்குள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தாமதித்தால், கழிவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினும் மஞ்சளைக் கூட்டிக் காட்டிவிடும். அந்த மருந்து நச்சுத்தன்மை உள்ளது என்பதால் நான் பரிந்துரைப்பது சோதனைக் குழலில் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி மாத்திரையைத்தான். விலை கூடுதல்தான், ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே சரி.

எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொன்றபின் தண்ணீரில் மிச்சமிருப்பது, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தெருக்குழாய், தரைத்தொட்டி, மாடித்தொட்டி என்று வரிசையாகப் பாருங்கள். தெருவில் நிறம் வந்து தொட்டியில் வராவிட்டால், முதலில் தொட்டியைக் கழுவுங்கள். தெருவிலேயே வராவிட்டால் தேதி, நேரம், தெருப்பெயரோடு மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் ஊரில், அழுத்தம் இறங்கிய குழாய் விரிசல் வழியே வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். சாக்கடையைக் கடக்கும் வீட்டு இணைப்புக் குழாய்களில் அந்த ஆபத்து அதிகம்.

படி 3: கிருமி
மலக்கலப்பைக் காட்டும் எச்2எஸ் சோதனைக் குப்பியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கலப்பு இருக்கலாம் என்று பொருள். கறுத்த குப்பிக்குள் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.

படி 4: ஆய்வகம்
குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலை அலசவே கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பிற்சேர்க்கை: ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதில் குளோரினே கிடையாது; ஆகவே படி 2 வேண்டாம், நேராகப் படி 3. மழைக்குப் பிறகு கட்டாயம் மறுபடி சோதியுங்கள். குப்பி கறுக்காவிட்டாலும் கைக்குழந்தைக்குக் கொடுப்பதைக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டே கொடுங்கள்.