பருத்தித்துறைக்குப் போனால் இரண்டு இரவு நில்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் தங்கி, ஒரு வான் வண்டியைப் பிடித்து, பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிப் பகுதியை ஒரே நாளில் சுற்றி முடிப்பது வெளிநாட்டிலிருந்து வரும் நம் ஆட்களின் வழக்கம். காலையில் நல்லூர்க் கோயில், பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டில் தேநீர், பருத்தித்துறைக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். கடல் கண்ணாடித் தகடு மாதிரிக் கூசும். பிள்ளைகள் வானை விட்டு இறங்க மாட்டார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பதினைந்து நிமிடம் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று திரும்பினேன். அடுத்த முறை இரண்டு இரவு அங்கேயே தங்கினேன். அது வேறு ஊராகத் தெரிந்தது.

விடிகாலையும் அந்தியும்தான் இந்த ஊரின் நேரம். அந்த இரண்டும் கிடைக்க வேண்டுமென்றால் படுக்கையும் அங்கேயே இருக்க வேண்டும்.

எப்போது போவது என்பதைக் காற்று தீர்மானிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், பின்னால் வாடைக்காற்று வரும், கடல் கொந்தளிக்கும். தை பிறந்த பிறகு வெயில் இதமாக இருக்கும், பனங்கிழங்கும் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டில் பள்ளி விடுமுறை ஆடி, ஆவணியில்தானே. அப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம், வெக்கை கடுமை, ஆனால் இந்தக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும். சற்று முந்தி, ஆனியில் வர முடிந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் உங்களுக்கு.

விசா விண்ணப்பத்தை முன்கூட்டியே அரசாங்கத்தின் இணையத்தளத்தில் போடுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளம் ஒன்றில் மாட்டி நான் கூடுதலாகக் காசு கட்டியிருக்கிறேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ரயிலிலும் வரலாம். இரவுப் பேருந்துகளில் சில நேரே பருத்தித்துறை வரை ஓடுகின்றன, விடியும்போது இறக்கிவிடும். சென்னையில் வேலை இருப்பவர்கள் அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தால் கொழும்புப் பயணம் மிச்சம். புறப்படும் முன் சேவை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வழிகள் அடிக்கடி மாறுபவை.

யாழ் நகரிலிருந்து 750ஆம் இலக்கப் பேருந்து. ஏறத்தாழ 33 கிலோமீட்டர், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சாமான் குறைவென்றால் ஒரு தடவையாவது இதில் போங்கள். வீடுகள் முடிந்து வல்லை வெளி திடீரென்று திறக்கும். இரண்டு பக்கமும் தரவை என்ற வெட்டவெளியும் நீரும், யன்னலால் அள்ளும் காற்றும். என் பாட்டி உயிரோடிருந்த காலத்தில் "வல்லை தாண்டினால் எங்கட ஊர்" என்பார்.

தங்குமிடம் யாழ் நகரில் உள்ளது போல நிறைய இல்லை. சில விருந்தினர் விடுதிகள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் திருத்தி வாடகைக்கு விடும் பழைய வீடுகளும் உண்டு. வயதானவர்களோடு போனால் கொமோட் (உட்காரும் கழிப்பறை) இருக்கிறதா, நுளம்பு வலை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். கடலைப் பார்த்த யன்னல் பற்றிய விசாரணை அதற்கு அப்புறம்.

முதல் நாள் அதிகாலை துறைமுகப் பக்கம் நடந்து போங்கள். இரவு கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம். விளைமீன், பாரை, ஒட்டி, திருக்கை என்று கரையில் கொட்டி ஏலம் கூறுவார்கள். வேலை செய்கிறவர்கள் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். "ஒரு படம் எடுக்கட்டோ அண்ணை?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: "நீங்கள் ஆற்றை பிள்ளை?" யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்கள். இதற்கு ரொறன்ரோ, லண்டன் என்று பதில் சொல்லிப் பயனில்லை. தாத்தா, பாட்டியின் பெயர், குறிச்சி, வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாளால்தான் அம்மாவின் பழைய வீட்டு வேலியை நான் கண்டுபிடித்தேன்.

அங்கிருந்து முனைப் பக்கம் போனால் 1916இல் கட்டிய வெளிச்சவீடு. படம் எடுக்கலாமா என்று பக்கத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். இலங்கையின் வட முனை எது என்று ஊருக்குள் எப்போதும் ஒரு வாதம் உண்டு. அதற்கான அடையாளப் பலகை மேற்கே சக்கோட்டையில் இருக்கிறது, சந்தேகமென்றால் இரண்டு இடத்திலும் நின்று படம் எடுத்துவிடுங்கள்.

தும்பளை வீதியில் தெருமூடி மடத்தை வான் வண்டியில் கடந்தால் பார்த்ததாகவே ஆகாது. பெயரே சொல்வது போல, கூரை தெருவின் மேலாகவே போகிறது. இரு பக்கமும் கற்றூண்களும் உயர்ந்த திண்ணைகளும். நடந்து களைத்த வழிப்போக்கர் ஏறி இருக்கக் கட்டியது. நீங்களும் ஏறி இருங்கள். வெளியே அனல் பறக்கும்போதும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும்.

சாப்பாட்டில் இரண்டைத் தவறவிட வேண்டாம். ஒன்று ஓடக்கரைத் தோசை. வீடுகளில் சுட்டு விற்பது. சம்பலோடு சுடச்சுட வாங்கி, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். மற்றது தட்டை வடை. வெளியூரில் பருத்தித்துறை வடை என்பதும் இதுதான். உழுந்தும் மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தட்டையாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரிப்பது. கடலோடிகள் கொண்டுபோன சாமான் என்று சொல்வார்கள். பல நாள் கெடாமல் இருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

இரண்டாம் நாளுக்கு ஓட்டோ ஒன்றை அரை நாள் பேசிக்கொள்ளுங்கள், ஏறும் முன்பே காசைப் பேசுங்கள். கிழக்குப் பக்கம் முதலில். மணற்காட்டுக்குச் சூரியன் எழும் முன் போய்ச் சேருங்கள். மணல் மேடுகளும் சவுக்கு மரங்களும், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயமும் அங்கே உண்டு. 2004இல் சுனாமி அடித்த கரை இது. கரையில் நிற்கிறவரோடு பேசும்போது அதை நினைவில் வைத்திருங்கள், பொழுதுபோக்குக்காகக் கிளறாதீர்கள். திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். மூலத்தானத்தில் சக்கரம். ஞாயிற்றுக்கிழமையில் சனம் நிரம்பும், கச்சானும் வடையும் விற்கும் கடைகள் களைகட்டும். அமைதி வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். எனக்கு ஞாயிறுதான் பிடிக்கும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி இருந்தால் நல்லது. இந்த வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த, எழுத்துப் பொறித்த பொன்னேடு, அனுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்தது.

மேற்கே கடலோரத் தெருவில் வல்வெட்டித்துறை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய் அடைந்தது, ஓட்டிப்போனவர்களும் இந்த ஊரார்தான். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லுங்கள். தைப்பொங்கல் அன்று நின்றால் மாலைப் பட்டப்போட்டியை விடாதீர்கள், தெருவில் நெரிசல் இருக்கும் என்பதால் முந்திப் போங்கள். இன்னும் சற்று அப்பால் தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்யும் முருகன் கோயில். மதியத்துக்கு மடங்களில் அன்னதானம் உண்டு, கூச்சப்படாமல் இருந்து சாப்பிடுங்கள்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. பருத்தித்துறைக் கரை மணலல்ல, பெரும்பாலும் முருகைக்கல் (பவளப்பாறை). அலை தூரத்திலேயே உடைந்துவிடுவதால் கரை குளம் போலத் தோன்றும். அதை நம்பி என் மருமகன் வெறுங்காலோடு இறங்கிப் பாதத்தைக் கிழித்துக்கொண்டான், மிச்ச விடுமுறை முழுக்க நொண்டினான். ரப்பர்ச் செருப்பு, ஒரு சிறு மருந்துப் பெட்டி இரண்டும் வேண்டும். குளிக்க மணல் கரைக்குப் போங்கள், எந்த இடம் பாதுகாப்பு என்று மீன்பிடிப்பவரைக் கேட்ட பிறகு இறங்குங்கள்.

வடையைக் கடைசி நாள் காலையில் வாங்குங்கள். முந்தியே வாங்கினால் விடுதியிலேயே முடிந்துவிடும். எனக்கு விற்ற அம்மா பையை மூன்று முடிச்சுப் போட்டுத் தந்து, "காத்துப் படாமல் வையுங்கோ தம்பி, ஈரச் சட்டையோட வைச்சிடாதையுங்கோ" என்றார். நான் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, பெட்டியின் நடுவில், துவாய்க்குள் சுற்றி வைத்தேன். ரொறன்ரோவில் திறந்தபோது நாலே நாலுதான் உடைந்திருந்தன.