ஜீசஸ் லிசர்ட் குழுவை எங்கிருந்து, எப்படிக் கேட்கத் தொடங்குவது?

இரைச்சலையே இசையின் பகுதியாக்கும் நாய்ஸ் ராக் வகைக்குப் புதியவர்கள் 'தி ஜீசஸ் லிசர்ட்' குழுவை முதல் வெளியீட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். பாடகர் டேவிட் யாவ், பேஸ் கிட்டார் வாசிக்கும் டேவிட் சிம்ஸ், கிட்டார் வாசிக்கும் டுவேன் டெனிசன் ஆகிய மூவரும் 1987இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய இக்குழு, பின்னர் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தது. 1989இல் வந்த 'ப்யூர்' என்னும் குறுந்தொகுப்பில் டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை; டிரம் மெஷின்தான் தாளத்தைக் கவனித்துக்கொண்டது. டிரம்ஸ் வாசிக்க மாக் மெக்நீலி வந்து சேர்ந்த பிறகே குழு தன் முழு பலத்தைப் பெற்றது என்பதால், ப்யூரைக் கடைசியில் கேட்டாலும் நட்டமில்லை.

தொடங்க வேண்டிய இடம் 1991இல் வெளியான 'கோட்' (Goat) என்னும் முழுத் தொகுப்பு. கேட்பதற்கு முன் உங்கள் கைபேசியிலோ ஒலிப்பெருக்கியிலோ தாழ்ந்த ஒலிகளை (பேஸ்) கூட்டிக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இந்தப் பதிவுக்கு அது தேவையில்லை, கெடுக்கவே செய்யும். முதல் முறை கேட்கும்போது பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். மற்ற ராக் குழுக்களில் கிட்டார் செய்யும் வேலையை இங்கே சிம்ஸின் பேஸ் செய்கிறது. பாட்டை முன்னுக்கு இழுப்பது அதுதான். அது பிடிபட்ட பின் கிட்டாருக்கு வாருங்கள். அலுமினியக் கழுத்துடைய டிராவிஸ் பீன் கிட்டாரை டெனிசன் வாசிக்கும் விதத்தில், கனத்த இரைச்சலைவிட, தகரத்தைக் கீறுவதுபோல் கூர்மையாக வந்து விழும் சுரங்களே அதிகம்.

யாவின் குரலை இறுதிக்கு ஒத்திவைப்பது நல்லது. திரையிசையில் குரல் எப்போதும் முன்னால் நிற்கக் கேட்டுப் பழகிய நமக்கு, வாத்தியங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும் இந்த உளறலும் அலறலும் ஒலிப்பதிவுக் கோளாறாகவே தோன்றக்கூடும். ஆனால் 'தயாரிப்பாளர்' என்ற பட்டத்தையே ஏற்க மறுத்து, அறையில் ஒலிப்பதை உள்ளபடி பிடிப்பதே தன் வேலை என்று கருதிய ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்த தொகுப்பு இது. குரலும் இன்னொரு வாத்தியமாக மட்டுமே இங்கே இடம்பெறுகிறது. ஆகவே வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டு கேட்காதீர்கள். அவற்றில் நோயும் அழுக்கும் குரூரமான நகைச்சுவையும்தான் மிகுதி.

அடுத்து 'லயர்' (1992), பிறகு 'ஹெட்' (1990). நிர்வாணா குழுவோடு ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொண்டு 1993இல் டச் அண்ட் கோ நிறுவனம் வெளியிட்ட சிங்கிள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை சென்றது. இக்குழுவின் பெயரைப் பலர் முதன்முதலில் அறிந்தது அதன் வழியாகத்தான். 1994இல் வந்த 'டவுன்', ஆல்பினியுடன் செய்த கடைசி முழுத் தொகுப்பு. (தலைப்புகள் எல்லாமே நான்கு ஆங்கில எழுத்துகளில் இருப்பது தற்செயல் அல்ல.) மேடையில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அறிய, நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கில் பதிவான 'ஷோ' போதுமானது.

கேபிடல் என்னும் பெரிய நிறுவனத்துக்கு மாறியபின் வந்த 'ஷாட்' (1996) குரலைச் சற்று முன்னே கொண்டுவந்ததற்காகவே பழைய ரசிகர்களிடம் ஏச்சு வாங்கியது. எனக்கு அந்த ஏச்சில் உடன்பாடில்லை. மெக்நீலி விலகியபின் வந்த 'ப்ளூ' (1998) வேறு விஷயம். அதை அவசரமின்றிக் கேட்கலாம். மறு ஆண்டே குழு கலைந்தது.

2009இல் பழைய நால்வரும் மேடையில் மீண்டும் இணைந்தாலும், புதிய முழுத் தொகுப்பான 'ராக்' (Rack) 2024 செப்டம்பரில்தான் வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஆல்பினி காலமாகியிருந்தார். ராக்கைக் கேட்டு முடித்த கையோடு கோட்டின் முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள்: முப்பதாண்டு இடைவெளியில் மெக்நீலியும் சிம்ஸும் எந்த அளவுக்கு ஒன்றாகவே நகர்கிறார்கள் என்பது அந்த ஒப்பீட்டில் தெளிவாகத் தெரியும்.