ஊன்றுகோலோடு கேரவன் வாழ்க்கை: பாலக்காட்டு எல்லையில் தனியாகத் தொடங்குவது எப்படி?

கேரவன் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன ட்ரெய்லர் வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழிவறை, அவ்வளவுதான். எனக்கு இடது காலில் போலியோ. கேலிப்பர் (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) போட்டு ஊன்றுகோலோடு நடப்பேன், தூரம் என்றால் பேட்டரி வீல்சேர். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே இப்படித்தான் குடியிருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று கேட்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் வண்டி வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: முதலில் நிறுத்தும் இடம், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் வண்டி. நம்மைப் போன்றவர்களுக்கு ஓட்டுவதைவிட நிற்பதுதான் கஷ்டம்.

படி 1: நிறுத்த இடம் பிடியுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள இடைவெளி. கொண்டை ஊசி வளைவே இல்லாமல் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் போய்விடலாம். போடிமெட்டும் குமுளியும் அழகுதான், ஆனால் ட்ரெய்லர் இழுக்கப் பழகும் இடம் அதுவல்ல. கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தரை சமம். தோப்புக்காரர்கள் பலருக்கும் வீட்டுப் பேச்சு தமிழ்.

இங்கே தோப்புகளில்தான் ட்ரெய்லரை நிறுத்த இடம் கேட்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை:

- மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஊன்றுகோல் முனை எவ்வளவு புதைகிறதோ, வீல்சேர் அதைவிட மோசமாகப் புதையும்.
- தென்னைக்கு நேர் அடியில் நிறுத்தவே கூடாது. காய் விழும், மட்டை விழும். களத்து மேடு கிடைத்தால் அதுதான் சொர்க்கம்.
- முதலமடைப் பக்கம் மாந்தோப்பு என்றால், எந்த மாதம் மருந்து அடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- செப்டிக் டேங்க் உள்ள கழிவறை, 15 ஆம்ப்ஸ் ப்ளக், போனில் சிக்னல். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு தோப்பு பாருங்கள்.
- வாளையாறு, மலம்புழா காட்டோரம் வேண்டாம். யானை வரும்.

கட்டாயம் ஒரு கேள்வி வரும். "ஏன் அம்முணி, ஒத்தையிலயா வந்திருக்கே? கூட ஆருமில்லியா?" இதில் கோபப்பட ஒன்றுமில்லை. தோப்புக்கார அம்மாவிடம் "ஆமாங்க்கா, தனியாத்தான். பொள்ளாச்சில தங்கச்சி வீடு இருக்குது, தினமும் பேசுவேன்" என்று சொல்லிவிடுவேன். வழியில் யாரோ ஒருவர் கேட்டால் மட்டும் பதில் வேறு: "வீட்டுக்காரர் பின்னாடி வர்றாருங்க." பொய்தான், சொல்லலாம்.

படி 2: உங்களால் எவ்வளவு தூக்க முடியும்?

ஊன்றுகோலைப் பிடித்தபடி, மறு கையில் எத்தனை கிலோ தூக்கிப் பத்து அடி நடக்க முடியும் என்று வீட்டிலேயே சோதியுங்கள். எனக்கு ஐந்து கிலோ. இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. என்னால் ஆகாது. அதனால் ஐந்து லிட்டர் கேன்கள் வைத்திருக்கிறேன். ட்ரெய்லரின் தொட்டிக்கு நீளமான ஹோஸ் வைத்து, தோப்பு மோட்டார் ஓடும்போது நிரப்பிக்கொள்வேன்.

கழிவறை விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். கேஸட் டாய்லெட்டில் இருக்கைக்குக் கீழே பெட்டி போல ஒரு தொட்டி இருக்கும். வெளிப்பக்கச் சின்னக் கதவு வழியாக அதை உருவ வேண்டும். பொதுவாக 17 முதல் 20 லிட்டர் வரை பிடிக்கும், நிறைந்தால் அசைக்கவே முடியாது. சக்கரமும் இழுப்புப் பிடியும் உள்ள மாடலையே வாங்குங்கள். கால்வாசி நிறைந்ததுமே காலி செய்யுங்கள். குழாய்போன்ற மூக்கைத் திருப்பி, கழிவறைக் கோப்பைக்குள் நுழைத்துச் சாய்க்க வேண்டும். அதற்கு நின்றே ஆக வேண்டும் என்றில்லை, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டே செய்யலாம். வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாதீர்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதையும் உள்ளே போடாதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர் செத்துவிடும், அடுத்த முறை தோப்புக்காரர் இடம் தர மாட்டார்.

படி 3: இப்போது வண்டி

வாங்கும் முன், வாடகைக் கேரவன் ஒன்றில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்தது. கட்டில் உயரம், கழிவறைக் கதவின் அகலம் இரண்டும் ஒரே இரவில் தெரிந்துவிடும்.

சரிவுப்பலகையைப் பற்றி ஒரு கணக்கு. வீல்சேரைத் தானே உருட்டி ஏற, ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ட்ரெய்லரின் தளம் 18 அங்குலம் என்றால் பலகை 18 அடி! அதை எங்கே வைத்துக்கொண்டு சுற்றுவது? ஆகவே நடக்க முடிந்தவர்கள் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாத படிகளும், கதவின் இரு பக்கமும் பிடிகம்பியும் வைத்துக்கொள்ளுங்கள். முழுநேரமும் வீல்சேர் என்றால் தளம் தாழ்ந்த ட்ரெய்லரோ மின் லிஃப்டோ தவிர வழியில்லை. கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். வீல்சேர் முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், கட்டிலை மடக்கினால்தான் அது கிடைக்கும்.

பிறகு ஏன் வண்டியும் வீடும் ஒன்றாக உள்ள வேனை விட்டு ட்ரெய்லர்? வீட்டைத் தோப்பில் விட்டுவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போகலாம் என்பதால்தான்.

காரின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று இருக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ட்ரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 700 கிலோ ட்ரெய்லருக்கு 70 முதல் 105 கிலோ. இது குறைந்தால் பின்பாரம் கூடி, ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கணவாய்க் காற்றில் அது விளையாட்டல்ல. அந்த எடையைக் கையால் தூக்க முடியாது; 12 வோல்ட் மின்சார ஜாக்கி போட்டுவிடுங்கள், செலவில் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 4: காகிதங்கள்

காரில் கைக்கட்டுப்பாடு (பிரேக், ஆக்ஸிலரேட்டரைக் கையாலேயே இயக்கும் அமைப்பு) பொருத்தினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். லைசென்ஸிலும் அந்த வகை வண்டி இருக்க வேண்டும். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட். மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வண்டிக்கு தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில் விலக்கு உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லையில் வசிப்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) நாடு முழுக்கச் செல்லும், மாநில உதவித்தொகை அப்படியல்ல. அதனால் நிலையான முகவரி ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

படி 5: கரண்ட்

24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் வீல்சேர் பேட்டரியில் 480 வாட்-அவர் இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 600 வையுங்கள். அதோடு ஃபேன், விளக்கு, போனும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 900 பக்கம் வரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று போதும். 200 வாட் சோலார் நல்ல வெயிலில் ஏறக்குறைய ஈடுகொடுக்கும், ஆடி மழையில் கொடுக்காது. அப்போது தோப்பு ப்ளக்தான். சப் மீட்டர் வைத்து, யூனிட் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிடுங்கள், உறவு கெடாது.

ட்ரெய்லர் உடம்பு இரும்பு, என் கேலிப்பரும் உலோகம், தரை ஈரம். எர்த் சரியில்லாத ப்ளக்கில் செருகவே மாட்டேன். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுங்கள்.

படி 6: காற்று, வெயில், குளிர்

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியாகக் காற்று அடித்துத் தள்ளும். ட்ரெய்லரின் மூக்கை மேற்கே வைத்து நிறுத்துங்கள், இரவில் வெளிக்கூரைத் துணியைச் சுருட்டிவிடுங்கள். கதவுக்குக் கொக்கி வேண்டும். ஊன்றுகோலோடு படியில் நிற்கும்போது கதவு வீசினால் ஆளையே தள்ளிவிடும். மாசி கடைசியிலிருந்து பாலக்காட்டு வெயில் கொடுமை. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சரியாக வியர்க்காது, அவர்கள் சித்திரையில் இங்கே இருக்க வேண்டாம். எனக்கு நேர்மாறு: மார்கழியில் நெல்லியாம்பதி போனால் போலியோ கால் ஐஸ்கட்டி.

படி 7: முதல் முறை

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், இரண்டு இரவு போதும். மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக. 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) இரு மாநிலத்திலும் உண்டு, கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் 1515. எல்லையில் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 108இல் வாயைத் திறந்ததும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லுங்கள்.

கிளம்பும்போது வரிசை மாறக் கூடாது. கொக்கியை மாட்டிப் பூட்டு, சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடு, பின்விளக்கு வயரைச் செருகு, கேஸை மூடு, படியை மடக்கு. டயர் முட்டுக்கட்டையை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடு. குனிய முடியாதென்றால் கட்டைகளில் கயிறு கட்டி வைத்துக்கொள்ளுங்கள், நின்றபடியே இழுத்துவிடலாம்.